ஓரத்தில் எழுதும் செபம்



நம் பாட்டிமார் வைத்திருந்த செபப் புத்தகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அட்டை கிழிந்து, தையல் விட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார்கள். திறந்தால் உள்ளேயிருந்து ஏதேதோ விழும். வேளாங்கண்ணி மாதாவின் சிறு படம், பேத்தியின் புதுநன்மை நாளில் கொடுத்த திருப்படம், இறந்துபோன அண்ணனின் நினைவு அட்டை, குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைத் துண்டு, காய்ந்துபோன ஒரு பூ. மன்றாட்டு மாலை இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி. என்ன தேதி என்று கேட்டால், மகன் கப்பலேறிய நாள் என்பார்கள், அல்லது மகளுக்கு ஆபரேஷன் நடந்த நாள் என்பார்கள். அந்தப் புத்தகத்தில் அச்சிட்ட செபமும் இருந்தது. பாட்டியின் வாழ்க்கையும் இருந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிறிஸ்தவர்கள் நடுவே ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. 'பைபிள் ஜர்னலிங்' என்கிறார்கள். நாம் விவிலிய நாட்குறிப்பு என்று சொல்லலாம். விவிலியத்தில் அன்று வாசித்த பகுதியின் ஓரத்தில் தங்கள் மனதில் பட்டதை எழுதுகிறார்கள். மனதைத் தொட்ட சொல்லை வண்ணத்தில் அழகாக எழுதுகிறார்கள். சிறு படம் வரைகிறார்கள். இதற்கென்றே ஓரம் அகலமாக விட்ட விவிலியங்கள் அச்சாகின்றன, கத்தோலிக்கப் பதிப்புகளும் வந்துவிட்டன. யூடியூப், இன்ஸ்டாகிராம் வழியாக இது நம் ஊர் இளையோரின் கைபேசிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேத புத்தகத்தில் கிறுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இது வெளிநாட்டு நாகரிகம், பெந்தெகோஸ்து சபையாரின் பழக்கம் என்றும் சிலர் சொல்கிறார்கள். இளையோருக்கோ இது புதிதாகவும் இனிதாகவும் இருக்கிறது. யார் சொல்வது சரி? நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைச் சிந்தித்துப் பார்ப்போம்.

மணலிலும் ஓலையிலும் எழுதிய ஊர்

2020 டிசம்பர் வரை நம் நாகை மாவட்டத்தில் இருந்த ஊர் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு என்ற லூத்தரன் மறைப்பணியாளர் அங்கே வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பிறகு 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். 1714-இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் அச்சாயின. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. காகிதம் கிடைப்பது அரிதாக இருந்ததால் பக்கத்திலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். நம் கரையில் இறைவார்த்தை அச்சேறுவதற்கு முன் மணலில் விரலால் எழுதிய ஒரு மனிதரின் பொறுமை இருந்தது.

நம் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இதில் பங்கு உண்டு. அதற்கு ஏறக்குறைய 130 ஆண்டுகள் முன்னதாகவே, 1578-இல், இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கசு தமிழில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். வீரமாமுனிவரை அறியாதவர் நம்மில் யார்? அவர் காலத்தில் ஓலையில் எழுதுவோர் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும். அதனால் எகரம் எது, ஏகாரம் எது என்று தெரியாமல் வாசிப்பவர் தடுமாறுவார். வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பு கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நாம் 'தேவன்' என்று எழுதும்போதெல்லாம் அந்தக் குருவின் கையும் நம் கையோடு சேர்ந்து எழுதுகிறது.

அந்நாளில் இரு சபையாருக்கும் இடையே கடுமையான வாதங்கள் நடந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று நம் கையில் இருக்கும் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் பிற சபை அறிஞர்களும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளிவந்தது. எனவே விவிலியத்தை நேசித்து வாசிப்பதும் எழுதுவதும் அவர்களுடைய பழக்கம், நம்முடையது அல்ல என்று ஒதுக்குவது சரியல்ல.

புனிதர் ஒருவரின் நோட்டுப் புத்தகம்

1521-இல் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர் ஒருவர் காலில் குண்டடிபட்டு லொயோலா கோட்டையில் படுத்திருந்தார். பொழுது போக வீரதீரக் கதைகள் கேட்டார். அவை வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. வாசிக்க வாசிக்க மனம் மாறியது. பிடித்த பகுதிகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். இயேசுவின் சொற்களைச் சிவப்பு மையிலும், அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும் எழுதினார். அந்த நோட்டு ஏறக்குறைய 300 தாள்கள் வரை வளர்ந்தது. அவர்தான் புனித இஞ்ஞாசியார்.

அவருடைய சபையினர்தான் 1844-இல் நம் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். 1883-இல் திருச்சிக்கு இடம் மாறிய அந்தக் கல்லூரியே இன்றைய புனித வளனார் கல்லூரி. ஆகவே வண்ண மையில் இறைவார்த்தையை எழுதிச் செபிப்பது நமக்கு அந்நியம் என்று சொல்ல முடியுமா?

இன்னும் பின்னோக்கிப் போகலாம். நடுக்காலத் துறவற மடங்களில் விவிலியப் பிரதிகளின் ஓரம் முழுவதும் விளக்கக் குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள். முதல் எழுத்தைப் பொன்னும் வண்ணமும் கொண்டு தீட்டியிருக்கிறார்கள். நம் காலத்திலேயே அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துப் புனித யோவான் ஆசீர்வாதப்பர் மடத்தார் முழு விவிலியத்தையும் கையால் எழுதச் செய்தார்கள். 2000-இல் தொடங்கி 2011-இல் முடித்தார்கள். கன்றுத்தோலில் இறகுப் பேனாவால் எழுதிய விவிலியம் அது. கணினி வந்துவிட்ட காலத்தில் இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று நாம் கேட்கலாம். கை மெதுவாக எழுதும்போது மனமும் மெதுவாக வாசிக்கிறது. அதுதான் காரணம்.

12-ஆம் நூற்றாண்டில் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி இறைவார்த்தைச் செபத்துக்கு நான்கு படிகளைச் சொன்னார்: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், இறைவனில் அமைதியாக ஒன்றித்திருத்தல். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2010-இல் வெளியிட்ட 'ஆண்டவரின் வார்த்தை' என்னும் ஏட்டில் இந்தப் படிகளை நினைவூட்டி, வாழ்க்கையில் செயலாவது வரை அது முடிவதில்லை என்றும் கற்பித்தார். ஓரத்தில் எழுதுவது இந்தப் படிகளில் ஏற உதவும் ஒரு கைப்பிடி. அதற்குமேல் அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

ஓரத்தில் ஒரு தேதி

இனி நம் ஊருக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் வாழும் ஒருவர் தம் விவிலியத்தின் ஓரத்தில் என்ன எழுதுவார்? பூவும் பட்டாம்பூச்சியும் மட்டும் வரைந்து முடித்துவிட முடியுமா?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருவிழா. அன்றைய நற்செய்தி மத்தேயு 2-ஆம் அதிகாரம். வானதூதர் யோசேப்பை எழுப்பி, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடச் சொல்லும் பகுதி. உலகமெங்கும் அதை வாசித்த அதே காலையில் நம் கடல் எழுந்து வந்தது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் தாய் தந்தையர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லாராலும் தப்ப முடியவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நற்செய்தியை விவிலியத்தில் எடுத்துப் பாருங்கள். அன்றைய வாசகம் 15-ஆம் வசனத்தோடு நின்று, 19-இலிருந்து தொடர்கிறது. இடையில் விடுபட்டவை மூன்று வசனங்கள். பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டதும், பிள்ளைகளை இழந்த ராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுததும் அவற்றில்தான் உள்ளன. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28-இல், மாசில்லாக் குழந்தைகளின் விழாவன்று அவை வாசிக்கப்படுகின்றன. 2004-இல் அந்த விழா வந்தபோது நம் கரையில் குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருந்தோம்.

நாகையில் வாழும் ஒரு தாய் அந்த மூன்று வசனங்களின் ஓரத்தில் '26.12.2004' என்று எழுதி, தம் பிள்ளையின் பெயரையும் எழுதினால், அது வேத புத்தகத்தைக் கெடுப்பதாகுமா? ராகேலின் அழுகையை மத்தேயு மறைக்கவில்லை. சீக்கிரம் ஆறுதலடைந்துவிடு என்று அவளிடம் சொல்லவும் இல்லை. அப்படியானால் அந்த நாகைத் தாயின் கண்ணீருக்கும் விவிலியத்தில் இடம் உண்டு. அவர் எழுதும் தேதி அந்த இடத்தைக் காட்டுகிறது.

அந்நாள்களில் நிவாரண முகாம்களில் குழந்தைகளிடம் தாளும் வண்ணமும் கொடுத்தார்கள். வாய் திறந்து பேசாத குழந்தைகள்கூட வரைந்தார்கள். அலை, படகு, தென்னை மரம், இல்லாத வீடு. வார்த்தை வராதபோது கை பேசும் என்பதை நாம் அப்போதே கண்டோம். செபத்திலும் அப்படிப்பட்ட நேரங்கள் உண்டு.

இன்னொரு டிசம்பர் நாளும் நமக்கு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவு, நம் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிகளான தலித் மக்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். நெல் கூலியை உயர்த்திக் கேட்டதை ஒட்டி எழுந்த பகை அது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். டெல்டாவில் அந்த வசனத்தை வாசிப்பவர் அதன் ஓரத்தில் வேறு எந்தத் தேதியை எழுதுவார்? எழுதியபின், என் வயலில் வேலை செய்பவருக்கு, என் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்ற கேள்வியிலிருந்து அவரால் தப்ப முடியுமா?

ஒரு காலத்தில் நம் பகுதியில் ஓலையும் எழுத்தாணியும் சிலர் கையில் மட்டுமே இருந்தன. வயலில் உழைத்தவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. அவர்களின் பேத்திகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண் தன் சொந்த விவிலியத்தை மடியில் வைத்து, தன் சொந்தக் கையால், தன் சொந்தச் செபத்தை எழுதுகிறாள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று யார் சொல்வது?

எல்லாத் தேதிகளும் துக்கத் தேதிகள் அல்ல. கண்ணீரோடு விதைப்பவர்கள் அக்களிப்போடு அறுப்பார்கள் என்ற பொருள்படும் 126-ஆம் திருப்பாடலின் ஓரத்தில், மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த நாளை ஒரு விவசாயி எழுதலாம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னையை எல்லாம் இழந்தவர், புதிதாக நட்ட கன்று முதல் பாளை விட்ட நாளை எழுதலாம். படகு பத்திரமாகத் திரும்பிய இரவை மாற்கு 4-ஆம் அதிகாரத்தில், புயலை இயேசு அடக்கிய இடத்தில், மீனவர் எழுதலாம். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்கள் வைத்திருக்கும் கூடத்தில் நன்றிக் கடிதங்களைப் பார்த்திருப்பீர்கள். பெற்ற நன்மையை எழுதிவைப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல.

கவனிக்க வேண்டியவை

நல்ல பழக்கம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. சில எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, இது கடைச்சரக்காக மாறிவிடக்கூடாது. விலையுயர்ந்த விவிலியம், வண்ணப் பேனாக்கள், ஒட்டும் படங்கள் என்று வாங்கிக் குவித்துவிட்டு, வசனத்தை வாசிக்க நேரமில்லாமல் போவதும் நடக்கிறது. நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

இரண்டாவது, இது காட்சிப்பொருளாக மாறிவிடக்கூடாது. செபிக்கும்போது உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொள்ளுமாறு இயேசு சொன்னார். எழுதி முடித்த உடனே படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினால் கதவைத் திறந்து வைத்ததாகிவிடும். எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணத் தொடங்கியதும் செபம் முடிந்துவிடுகிறது. நன்றாக வரையத் தெரியாதவர் மனம் சோர்ந்து விலகுவதற்கும் அது காரணமாகிறது.

மூன்றாவது, மறைநூலின் பொருளை அவரவர் விருப்பப்படி வளைக்கக்கூடாது. 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்பது தொடக்கமாக இருக்கலாம், முடிவாக இருக்கக்கூடாது. வசனத்தின் முன்னும் பின்னும் வாசிக்க வேண்டும். நம் திருவிவிலியத்தில் உள்ள முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் பார்க்க வேண்டும். அன்றைய திருப்பலி வாசகத்தையே எடுத்துக்கொண்டால், உலகத் திருச்சபை முழுவதோடும் சேர்ந்து வாசிக்கிறோம் என்ற பாதுகாப்பு உண்டு.

நான்காவது, வேத புத்தகத்தில் எழுதலாமா என்ற பெரியவர்களின் கேள்வி. அந்தக் கேள்வியில் இருக்கும் பயபக்தி நல்லது. அதைக் கேலி செய்யக்கூடாது. ஆலயத்தில் பீடத்தருகே வாசிக்கும் வாசக நூல் சபை முழுவதற்கும் உரியது. அதில் யாரும் ஒரு கோடுகூடப் போடக்கூடாது. வீட்டில் உள்ள சொந்த விவிலியம் அப்படியல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், மறைநூல் இறைமக்கள் எல்லாருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்று விரும்பியது. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதற்காக அல்ல. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் தனி நோட்டில் எழுதுங்கள். நம் விவிலியத்தின் தாளும் மெல்லியது, ஓரமும் குறுகியது. நோட்டே வசதி.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்

இந்தப் பழக்கம் படித்தவர்களுக்கு மட்டும்தானா என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. மீன் கூடை சுமக்கும் அம்மாவுக்கும், நாற்று நடும் அம்மாவுக்கும் பேனா பிடித்துப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் வீடுகளின் வாசலில் நட்சத்திரமும் குடிலும் கோலமாக வருகின்றன. பேத்தி அன்றைய நற்செய்தியை உரக்க வாசிக்கட்டும். பாட்டி அதைக் கேட்டு, மனதில் நின்றதைச் சொல்லட்டும். பேத்தி அதை எழுதட்டும். எரேமியா சொல்லச் சொல்ல பாரூக்கு எழுதியதும் அப்படித்தானே?

அந்த ஏட்டுச் சுருள் என்ன ஆனது என்பதையும் நினைத்துப் பாருங்கள். யோயாக்கீம் மன்னன் அதைத் துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போட்டான். ஆண்டவர் எரேமியாவிடம் மறுபடி எழுதச் சொன்னார். பழைய சொற்கள் எல்லாம் மீண்டும் எழுதப்பட்டன, புதிய சொற்களும் சேர்ந்தன. சுனாமியில் நம் வீடுகளின் விவிலியங்களும் செபப் புத்தகங்களும் கடலோடு போயின. பாட்டி எழுதிய தேதிகளும் போயின. ஆனால் மறுபடி எழுதலாம் என்பது விவிலியமே தரும் நம்பிக்கை.

இப்படித் தொடங்கலாம்

இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் போதும். கைபேசியைத் தள்ளி வையுங்கள். சிலுவை அடையாளம் வரைந்து, தூய ஆவியாரின் துணையைக் கேளுங்கள். அன்றைய நற்செய்தியை இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாம் முறை மெதுவாக. மனதில் தைத்த ஒரு சொல்லையோ வசனத்தையோ உங்கள் கையால் எழுதுங்கள். பக்கத்தில் தேதி போடுங்கள். அன்று உங்களுக்கு நடந்தது ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். வரைய விரும்பினால் வரையுங்கள், கோடு கோணலானாலும் பரவாயில்லை. கடைசியில் ஆண்டவரிடம் நேராக ஒரு வரி பேசுங்கள். அந்த வரி நன்றியாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். திருப்பாடல்களில் இரண்டும் உண்டு. பேனாவை வைத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருங்கள். அந்த அமைதியை விட்டுவிடாதீர்கள்.

மாதம் ஒருமுறை அன்பியக் கூட்டத்தில், விரும்புகிறவர் மட்டும், தாம் எழுதியதிலிருந்து ஒன்றைப் பகிரலாம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வசனத்தை ஒருமுறை வரைந்தும் பார்க்கட்டும். பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். அன்று வீட்டில் உள்ள விவிலியத்தை ஆலயத்துக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் சென்றால் மட்டும் போதாது. அடுத்த நாள் திங்கட்கிழமை அதைத் திறக்க வேண்டும்.

நற்செய்திகளில் இயேசு எழுதியதாக ஒரே ஓர் இடத்தில்தான் வாசிக்கிறோம். ஒரு பெண்ணைக் கல்லெறிந்து கொல்லத் துடித்த கூட்டத்தின் நடுவே அவர் குனிந்து தரையில் விரலால் எழுதினார். என்ன எழுதினார் என்று யோவான் சொல்லவில்லை. அவர் எழுதி நிமிர்ந்தபின் கற்கள் கீழே விழுந்தன, ஒருத்தி உயிரோடு வீடு திரும்பினாள். நாம் எழுதுவதும் அப்படி யாருக்காவது வாழ்வு தருமானால் அது செபம்தான்.

இன்று இரவு உங்கள் விவிலியத்தைத் திறங்கள். உங்கள் வாழ்வின் எந்தத் தேதி எந்த வசனத்தின் ஓரத்தில் எழுதப்படக் காத்திருக்கிறது என்று தேடுங்கள். நம்மைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருப்பதாக எசாயா வழியாகச் சொன்ன ஆண்டவர், நாம் எழுதும் ஒரு வரியையும் அன்போடு வாசிப்பார். எல்லாவற்றையும் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்த அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.